புல்லைக் கண்டா மூஞ்சியத் திருப்பிக்கிற ஆமைக்கு நல்ல தீனி பழக்கறது எப்படி

தக்காளியும் வெள்ளரிக்காயும் போட்டா ஓடி வந்து திங்கும், புல்லப் போட்டா மோந்து பாத்துட்டு அது மேலயே ஏறி நடந்து போயிரும், கீரையப் போட்டா தண்டெல்லாம் விட்டுட்டு இளசா ரெண்டு இலைய மட்டும் கடிச்சுட்டு மூலைல போயி படுத்துக்கும். எங்க பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கமும் சரி, அந்தப் பக்கம் பொள்ளாச்சி உடுமலைலயும் சரி, புதுசா ஆமை வளக்கறவங்க மொதல்ல கேக்கற கேள்வி இதுதாங்க, "என் ஆமை புல்லே திங்க மாட்டேங்குது, என்ன பண்றது?"

திங்கும். அது புல்லு திங்கறதுக்குன்னே பொறந்த ஜீவன். நம்ம வீட்டுல வந்து மெத்துனு இருக்கறத, இனிப்பா இருக்கறத, செவப்பா இருக்கறத மட்டும் தின்னு பழகிருச்சு, அவ்வளவுதான். அந்தப் பழக்கத்த மாத்தலாம், அதுக்குப் பட்டினி போடவும் வேண்டாம். சூடு சரியா இருக்கணும், தட்டுல சரியான தழை இருக்கணும், அப்பறம் வாரக்கணக்குல பொறுமை வேணும். இந்த மூணுல கடைசி ஒண்ணுதான் காசு குடுத்தா கிடைக்காது.

மொதல்ல உங்க ஆமை எந்த ஆமை?

இத ஏன் மொதல்ல சொல்றேன்னா, நம்ம ஊரு நட்சத்திர ஆமைய வீட்டுல வெச்சு வளக்கறது சட்டப்படி குத்தம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல 2022ல கொண்டுவந்த திருத்தத்துக்கு அப்பறம் அது மொதப் பட்டியல்ல இருக்குது, மாட்டுனா மூணு வருஷத்துலருந்து ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில். அழிஞ்சு போற ஜீவன்கள நாடு விட்டு நாடு விக்கறதக் கட்டுப்படுத்தற சைட்டிஸ் ஒப்பந்தத்துலயும் 2019ல இருந்து மொதப் பட்டியல்தான், அதாவது காட்டுல புடிச்சத வெளிநாட்டு வியாபாரம் பண்ணவே கூடாது. யாராவது "அதிர்ஷ்டம் வரும், வெச்சுக்கோங்க" அப்படின்னு குடுத்தாக்கூட வாங்காதீங்க. பரம்பிக்குளம், நெல்லியாம்பதிப் பக்கம் போறப்ப ரோட்டுல திருவாங்கூர் ஆமையப் பாத்தாலும் ஆசைப்பட்டுத் தூக்கிட்டு வராதீங்க, அது காட்டு ஜீவன், அங்கயே இருக்கட்டும். ஏற்கனவே கைல இருந்தா வனத்துறைக்குச் சொல்லி ஒப்படைச்சுருங்க.

நான் இங்க எழுதறது சல்காட்டா ஆமைக்கு, அதாவது ஆப்பிரிக்காவுல சகாராவுக்குத் தெக்கால சாகேல்னு சொல்ற வறட்டுப் பூமில இருக்கற ஆமை. சிறுத்தை ஆமைக்கும் பெரும்பாலும் இதே தீனிதான். இந்த மாதிரி வெளிநாட்டு ஜீவன்கள மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் போர்ட்டல்ல பதிவு பண்ணணும், 2024ல அதுக்குன்னு தனி விதியே வந்துருச்சு, விக்கறவர் கிட்ட பேப்பர் கேட்டு வாங்குங்க. செங்கால் ஆமை வெச்சிருந்தீங்கன்னா இந்தக் கட்டுரைய அப்படியே பின்பற்றாதீங்க, அது தென் அமெரிக்கக் காட்டு ஆமை, பழமும் காளானும் அதோட இயல்பான சாப்பாட்டுலயே உண்டு.

இன்னொண்ணு. மீன் கடைல "ஆமைத் தீனி"ன்னு ஒரு டப்பா விப்பாங்க, காஞ்ச எறா, மீன் தூள் எல்லாம் போட்ட உருண்டை. அது தண்ணி ஆமைக்கு. தரை ஆமைக்கு அத ஒரு நாளும் போடாதீங்க.

அடம் புடிக்குதா, குளிருதா, நோயா?

தீனி மாத்தறதுக்கு முன்னாடி இத உறுதி பண்ணிக்கணும். ஆமைக்கு உடம்புச் சூடு வெளில இருந்துதான் வரணும். உடம்பு சூடாகலைன்னா வயிறு வேலை செய்யாது, வயிறு வேலை செய்யலைன்னா பசிக்காது. அப்ப நீங்க என்ன தீனி போட்டாலும் வீண்தான். வெயில் காயற இடத்துல 35 டிகிரி கிட்ட இருக்கணும், அதே கூண்டுல இன்னொரு பக்கம் 26, 28 இருக்கணும், அப்பத்தான் வேணுங்கறப்ப சூடேத்திட்டு வேணாங்கறப்ப ஒதுங்கிக்கும். சின்ன ஆமைன்னா ராத்திரில 22க்குக் கீழ போக விடாம பாத்துக்கோங்க. கையால தொட்டுப் பாத்து முடிவு பண்ணாதீங்க, ஒரு டெம்பரேச்சர் கன் வாங்கி வெச்சுக்கோங்க, பெரிய விலையெல்லாம் இல்ல.

வெயில்னா நேரடி வெயில். கண்ணாடித் தொட்டிக்குள்ள வெச்சு ஜன்னல் ஓரமா விட்டுட்டு "தினமும் வெயில் படுதே"ன்னு சொல்றவங்க நிறைய பேர் இருக்காங்க, கண்ணாடி வழியா சூடு வரும், ஆனா யூவி-பி கதிர் வராது. அது இல்லாம உடம்புல டி3 விட்டமின் உண்டாகாது, அது இல்லாம தின்ன சுண்ணாம்புச் சத்தும் எலும்புல ஓட்டுல சேராது. அதோட வெயில்ல கண்ணாடித் தொட்டி அடுப்பு மாதிரி ஆயிரும், கொஞ்ச நேரத்துலயே ஆமை செத்துப் போக வாய்ப்பிருக்கு. வெளில மண்ணுல விடுங்க, பக்கத்துல நிழல் இருக்கட்டும், காக்காவும் நாயும் வராம மேல வலை போடுங்க.

சூடு சரியா இருந்தும் திங்கலைன்னா உடம்பப் பாருங்க. மூக்குல நுரையோ சளியோ வருதா, கண்ணு உள்ள போயிருக்கா, வீங்கியிருக்கா, வாயத் தொறந்து மூச்சு விடுதா, ஓடு அமுக்குனா அமுங்குதா, வாய்க்குள்ள வெள்ளையா மஞ்சளா படிஞ்சிருக்கா, மேல் அலகு கிளி மூக்கு மாதிரி நீண்டு போயி கடிக்க முடியாம இருக்கா? இதுல ஒண்ணு இருந்தாலும் தீனிப் பழக்கமெல்லாம் அப்பறம், மொதல்ல டாக்டர். கழிச்சல் இருந்தா சாணிய ஒரு டப்பால எடுத்துட்டுப் போயி புழு டெஸ்ட் பண்ணுங்க.

தக்காளி போட்டா ஓடி வருது, மத்ததுக்கு மட்டும் மூஞ்சியத் திருப்புதுன்னா அது நோயில்ல, பிடிவாதம். இனி வர்றதெல்லாம் அதுக்குத்தான்.

தட்டுல என்ன இருக்கணும்

சல்காட்டாவுக்கு சாப்பாட்டுல பத்துல எட்டு பங்குக்கு மேல புல்லும் காட்டுத் தழையுமா இருக்கணும். நார்ச்சத்து அதிகம், புரதம் கம்மி, சர்க்கரை கிட்டத்தட்ட இல்லவே இல்ல, சுண்ணாம்புச் சத்து பாஸ்பரஸ விட ரெண்டு மடங்காவது இருக்கணும், இதான் கணக்கு. அது பெருங்குடல்ல இருக்கற கிருமிகள வெச்சு நாரப் புளிக்க வெச்சுத்தான் சத்து எடுக்கும். பழமும் இனிப்பும் போனா அந்தக் கிருமிக் கூட்டம் குலைஞ்சு போயி கழிச்சல் எடுக்கும், வயித்துப் புழுவும் பெருகும்.

இதுக்கு வேலந்தாவளம் மார்க்கெட்டுக்கும் போக வேண்டியதில்ல, ஆன்லைன்ல காஞ்ச புல்லு ஆர்டர் பண்ணவும் வேண்டியதில்ல. நம்ம சித்தூர் தாலூகா கிழக்குப் பக்கமும் பொள்ளாச்சி மேக்குப் பக்கமும் வரப்புல வேலில கிடக்கறதே போதும், உண்மையாவே சொல்றேன், ஆமை வளக்க இந்தப் பூமி மாதிரி வசதியான இடம் கம்மி.

அருகம்புல்லுதான் ராஜா. வருஷம் பூரா கிடைக்கும், தண்ணி பாஞ்ச வரப்புல இளசாவே இருக்கும். அப்பறம் கொழுக்கட்டைப் புல்லு. மாடு வெச்சிருக்கறவங்க தோட்டத்துல கோ-4, கோ-5 தீவனப் புல்லு இருந்தா இளசா வெட்டி பொடிசா நறுக்கிப் போடலாம், முத்துனது ஓரம் அறுக்கும். குதிரை மசால் கிடைச்சா வாரத்துல ஒருக்கா கொஞ்சம், அதுல புரதம் அதிகம், தினமும் ஆகாது.

மல்பெரி இலைய நான் தனியாச் சொல்லணும். உடுமலைப் பக்கம் பட்டுப்பூச்சி வளக்கறவங்க தோட்டம் நிறைய இருக்கு, புழு வளக்கற சமயத்துல கேட்டா ஒரு கட்டு குடுப்பாங்க, மருந்து பட்டா அவங்க புழுவே செத்துரும்ங்கறதால கவனமாத்தான் வெச்சிருப்பாங்க, ஆனாலும் கேட்டுட்டே வாங்குங்க. வீட்டுல ஒரு கிளைய நட்டா அதுவே வந்துரும். அடம் புடிக்கற ஆமை கூட மல்பெரி இலைய வேணாம்னு சொல்றது அபூர்வம்.

செம்பருத்தி, இலையும் பூவும் ரெண்டுமே. பூசணிப் பூ, பூசணி இலை. சப்பாத்திக்கள்ளி, இது சுண்ணாம்புச் சத்துக்கு ரொம்ப நல்லது, தண்ணிச் சத்தும் இருக்கு, முள்ள எடுத்துட்டு கண்ணுக்குத் தெரியாத பொடி முள்ளு போற மாதிரி அடுப்புல ஒருக்கா வாட்டி, சீவிப் போடணும். கையுறை போட்டுக்கோங்க. முருங்கைக் கீரை நல்லதுதான், ஆனா புரதம் இருக்கறதால ஒரு கை அளவு, அதுவும் எப்பவாவது. வைக்கோல் முழுச் சாப்பாடா வேண்டாம், சத்தே இல்ல, மழைக்காலத்துல பூசணம் வேற புடிக்கும்.

கடைக் கீரைல பாலக்கும் தண்டுக்கீரை வகையும் தினமும் போடாதீங்க, ஆக்ஸலேட் அதிகம், தின்ன சுண்ணாம்புச் சத்தையே அது கட்டிப் போட்டுரும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் எப்பவாவது ஒரு இலை. கடைல வாங்குனா நல்லா ஊற வெச்சுக் கழுவுங்க.

போடவே கூடாதது

சோறு, இட்லி, சப்பாத்தி, பிஸ்கட், பால், முட்டை, நாய்த் தீனி, புண்ணாக்கு, மாட்டுத் தீவனம், ஒண்ணும் வேண்டாம். வெங்காயம், பூண்டு, அவகாடோ வேண்டாம்.

செடில அரளி, எருக்கு, ஊமத்தை, ஆமணக்கு, உன்னி, பார்த்தீனியம், பச்சை சேம்பு இலை இதெல்லாம் விஷம். இளஞ்சோளப் பயிர மாடு மேஞ்சா செத்துரும்னு நம்ம தோட்டக்காரங்க யாரக் கேட்டாலும் சொல்வாங்க, இளம்பயிர்ல சயனைடு உண்டாகற சமாச்சாரம் இருக்கு, சோளத் தட்டு அறுக்கறப்ப ஆமைக்குன்னு ஒரு கைப்பிடி எடுத்துட்டு வராதீங்க. மரவள்ளி இலையும் அதே கதைதான்.

மருந்து அடிச்ச இடத்துத் தழை வேண்டவே வேண்டாம். தென்னந்தோப்புல களைக்கொல்லி அடிச்சிருப்பாங்க, ரெண்டு நாள் பச்சையாவே நிக்கும், பாத்தா ஒண்ணுமே தெரியாது, அதனால தோட்டக்காரர் கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அறுங்க. ஓணத்துக்குப் பூக்களம் போட்டு முடிச்சதும் மிச்சமான செண்டுமல்லி, செவ்வந்தி, வாடாமல்லி எல்லாத்தையும் ஆமைக்குப் போடற பழக்கம் இங்க இருக்கு, அந்தப் பூ விக்கறதுக்குன்னு மருந்தடிச்சு வளத்தது, குப்பைக்குப் போகட்டும். வீட்டுல நட்டு வளத்த பூவா இருந்தா தாராளமாப் போடலாம்.

முதலமடைப் பக்கம் வீடுன்னா மாம்பழ சீசன்ல ரொம்பக் கவனம். மரத்தடில உழுந்து கிடக்கற பழத்த ஆமை தேடித் தேடித் தின்னும், ஒரு வாரம் அப்படித் தின்னா நீங்க மாசக்கணக்குல பழக்குனது அத்தனையும் போயிரும். மரத்துக்குக் கீழ மேய விடாதீங்க, இல்லைன்னா வெடியாலயே போயி பொறுக்கிருங்க.

மாத்தற முறை

இனிதான் முக்கியமான விஷயம்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஆமைய எடை போட்டு எழுதி வெச்சுக்கோங்க. சமையலறை டிஜிட்டல் தராசு போதும். வாரம் ஒருக்கா, ஒரே கிழமை, தண்ணில விடறதுக்கு முன்னாடி போடணும், தண்ணி குடிச்சுட்டா எடை மாறிரும். இந்த நோட்டுதான் உங்களுக்குத் தைரியம் குடுக்கும், எடை குறையாம இருக்கற வரைக்கும் ஆமை எவ்வளவு மூஞ்சி காட்டுனாலும் நீங்க பயப்பட வேண்டாம்.

மொத வாரம் அதுக்குப் புடிச்சது எதுவோ அதையே போடுங்க, ஆனா தட்டுல முழுசா வேண்டாம். தக்காளியோ வெள்ளரியோ கேரட்டோ, அத கடுகு அளவுக்குப் பொடிசா நறுக்கி, கூடவே மல்பெரி இலையும் செம்பருத்தி இலையும் அதே மாதிரி பொடிசா நறுக்கி நாலுல ஒரு பங்கு சேத்து, கையால நல்லாப் பிசறி விடுங்க. பொறுக்கித் திங்க முடியாத அளவுக்குக் கலந்திருக்கணும், இதான் சூட்சுமம். ஆமைக்குப் பல்லு கிடையாது, அலகால கடிச்சு இழுக்கும், ஒரு வாய் கடிச்சா புடிச்சதும் புடிக்காததும் சேந்தேதான் உள்ள போகணும்.

அடுத்த வாரம் பாதிக்குப் பாதி. அதுல அருகம்புல்லு கொஞ்சம் உள்ள வரட்டும், அரை விரல் நீளத்துக்குக் கூட வேண்டாம், கத்திரிக்கோல்ல நறுக்குன தூளா இருக்கட்டும். காய் காஞ்சு புல்லு தனியா உதிர்ந்துருச்சுன்னா ஆமை பொறுக்க ஆரம்பிச்சுரும், அதனால கலவை ஈரமாவே இருக்கணும். வெள்ளரிக்காயத் துருவி அந்தத் தண்ணியப் புல்லு மேல புழிஞ்சு விட்டா வாசம் ஒட்டிக்கும். ஆமைக்கு மோப்பம் ரொம்ப முக்கியம், கண்ணால பாத்தாலும் மூக்கு சரின்னு சொன்னாத்தான் வாயத் தொறக்கும்.

அதுக்கப்பறம் வாராவாரம் காயக் குறைச்சுட்டே வாங்க, புல்லக் கூட்டிட்டே வாங்க. மூணாவது வாரம், நாலாவது வாரம் ஆகறப்ப புல்லு பாதிக்கு மேல வந்துரும், அப்ப நறுக்கறத கொஞ்சம் நீளமாக்குங்க. கடைசில காய் இல்லாம, மேல ரெண்டு செம்பருத்தி இதழையோ பூசணிப் பூவையோ கிழிச்சுத் தூவுனா போதும். செவப்பும் மஞ்சளும் ஆமையக் கூப்புடற நிறம், பூவப் பாத்து வாய வெக்கும், வெச்ச வாய் கீழ இருக்கற புல்லையும் சேத்தே எடுக்கும்.

ஒரு ஆமைக்கு ஒரு மாசத்துல மாறும், இன்னொண்ணுக்கு நாலஞ்சு மாசம் கூட ஆகும், வயசான ஆமைன்னா இன்னும் இழுக்கும். ஒரு படில நின்னுருச்சுன்னா அந்தப் படிலயே ஒரு வாரம் நில்லுங்க, பின்னாடி போகாதீங்க. கலவைய அப்படியே விட்டுட்டுப் போயிருச்சுன்னா உடனே தக்காளிய நீட்டாதீங்க, அது என்ன கத்துக்கும்னா, சும்மா இருந்தா நல்லது வரும்னு கத்துக்கும். மறுநாள் அதே கலவைதான், கொஞ்சம் புதுசா.

பட்டினி போட்டுப் பழக்குங்கன்னு சொல்றவங்களும் இருக்காங்க. நல்ல திடமான பெரிய ஆமை ஒரு வாரம் திங்காம இருந்தாலும் தாங்கும், அது உண்மைதான். ஆனா உள்ளங்கைல அடங்கற குட்டிக்கு அது ஆகாது. குட்டி ரெண்டு மூணு நாள் சுத்தமா வாயே வெக்கலைன்னா எதையாவது தின்ன வெக்கணும், பின்னாடி போகாதீங்கன்னு மேல சொன்னது இதுக்கு இல்ல, படிய ஒண்ணு குறைங்க, எடையப் பாருங்க, அப்பவும் திங்கலைன்னா டாக்டர் கிட்டக் கூட்டிட்டுப் போங்க. வளர்ந்த ஆமைய பட்டினி போட்டாலும் உங்களுக்கு அது நோயில திங்கலையா அடத்துல திங்கலையான்னு தெரியாமப் போயிரும், அதனாலதான் நான் கலந்து குறைக்கற வழியவே சொல்றேன்.

இன்னும் சில விஷயம், இதெல்லாம் சின்னதுதான், ஆனா பலன் இருக்கு.

வெயில் காஞ்சு முடிச்ச அரை மணி நேரத்துக்கப்பறம் தீனி வைங்க, அப்பத்தான் நல்ல பசி இருக்கும். கையால ஊட்டாதீங்க, அப்பறம் கை வந்தாத்தான் வாயத் தொறக்கும். தட்டுக்குப் பதிலா ஒரு கடப்பாக் கல்லு துண்டு போட்டு அது மேல தீனி வைங்க, மண்ணு வயித்துக்குப் போகாது, கல்லுல உரசி உரசி அலகும் தேஞ்சு ஒழுங்கா இருக்கும். புல்லு ஒரு கொத்த நூல்ல கட்டி கல்லுக்கு அடில சொருகி வெச்சீங்கன்னா, நழுவாம நிக்கறதால இழுத்துக் கடிக்க வசதியா இருக்கும், நூல மட்டும் அது எட்டாத பக்கம் வைங்க. சாயந்தரம் பொழுதோட மிச்சத்த எடுத்துருங்க.

வீட்டுல இருக்கறவங்க எல்லாரும் ஒண்ணா நிக்கணும். இது சொல்லக் கஷ்டமான விஷயம். எங்க ஆத்தா, "வாயில்லாத ஜீவன் கண்ணு, ஒரு வாழைப்பழந்தானே, அதுக்குப் போயி கணக்குப் பாக்கற"ன்னு சொல்லுவாங்க. அந்தப் பாசத்த தப்புன்னு சொல்ல முடியாதுங்க. அதனால நான் வாழைப்பழத்த நிறுத்தச் சொல்லாம, "ஆத்தா, வெடியால வாசல்ல பூக்கற செம்பருத்திய நீங்களே பறிச்சுக் குடுங்க, அது உங்க கைல இருந்துதான் வாங்கித் திங்கணும்"னு சொன்னேன், கையால ஊட்டாதீங்கன்னு மேல சொன்னதுக்கு அந்த ஒரு பூ மட்டும் விதிவிலக்கு. இப்ப அவங்கதான் தண்ணி ஊத்தி அந்தச் செடியப் பாத்துக்கறாங்க. உங்க வீட்டுலயும் குழந்தைங்களுக்கும் பெரியவங்களுக்கும் குடுக்க ஒரு நல்ல பொருளக் கைல குடுத்துருங்க, வேண்டாம்னு மட்டும் சொன்னா உங்களுக்குத் தெரியாமப் போட்டுருவாங்க.

இன்னொரு ஆமைய விட்டா போட்டிக்குத் திங்கும்னு ஜோடி வாங்காதீங்க. ஒண்ண ஒண்ணு விரட்டும், அடங்கிப் போறது மூலைல ஒளிஞ்சுக்கிட்டு இன்னும் கம்மியாத் திங்கும்.

சுண்ணாம்புச் சத்து, தண்ணி

பறவைக் கடைல கடல் நுரைன்னு கேட்டா குடுப்பாங்க, கணவாய் மீனோட ஓடு அது. கூண்டுல ஒண்ணு போட்டு வைங்க, வேணுங்கறப்ப கடிச்சுக்கும். வளர்ற குட்டிக்கு வாரத்துல ரெண்டு மூணு வாட்டி கால்சியம் கார்பனேட் பொடிய ஒரு சிட்டிகை தழைல தூவலாம். வெத்தலைக்குப் போடற சுண்ணாம்ப மட்டும் தொடாதீங்க, அது வாயையும் வயித்தையும் வேக வெச்சுரும்.

தண்ணில விடறதுக்கும் தீனிக்கும் நேரடி சம்பந்தம் இருக்கு. உடம்புல தண்ணி இல்லாத ஆமைக்குப் பசிக்காது, மூத்திரத்தோட வர்ற வெள்ளைக் கழிவு, யூரேட்னு சொல்றது, இறுகி மூத்திரப் பைல கல்லா மாறும். வெதுவெதுப்பான தண்ணில, தலை நல்லா வெளில இருக்கற ஆழத்துல, கால் மணி நேரம் விடுங்க. குட்டிக்குத் தினமும், பெரிசுக்கு வாரத்துல ரெண்டு வாட்டி. தண்ணிலயே சாணி போடும், குடிக்கும், வெளில வந்ததும் பசியோட இருக்கும், புதுத் தழையப் பழக்க அது ரொம்ப நல்ல நேரம்.

ஓடு மேடு மேடா பிரமிடு மாதிரி வளர்றதுக்கு புரதம் மட்டுந்தான் காரணம்னு ரொம்ப நாள் சொல்லிட்டு இருந்தாங்க. 2003ல ஆஸ்திரியாவுல சல்காட்டாக் குட்டிகள வெச்சு வெளியிட்ட ஆய்வுல, தீனில இருக்கற புரதத்த விட காத்துல ஈரப்பதம் கம்மியா இருக்கறதுதான் அதுக்குப் பெரிய காரணம்னு தெரிஞ்சுது. அதனால குட்டி படுக்கற பொந்துல கொஞ்சம் ஈர மண்ணு இருக்கட்டும். பாலைவன ஆமைன்னு கேள்விப்பட்டு காய வெக்காதீங்க, அங்கயும் அது ஆழமா வளை தோண்டி ஈரமான மண்ணுக்குள்ளதான் கிடக்கும்.

நம்ம ஊரு சீதோஷ்ணத்துக்கு

பங்குனி சித்திரைல பாலக்காட்டுப் பக்கம் 40 டிகிரி வரைக்கும் தொடும். மத்தியானத்துல ஆமை திங்காது, நிழல்லயோ வளைலயோ படுத்துக்கும், அத அடம்னு நினைச்சுறாதீங்க. வெடியால ஏழு மணி வாக்குல தீனி வைங்க. வரப்புப் புல்லு காஞ்சு போற காலம், சப்பாத்திக்கள்ளியும் மல்பெரியும் செம்பருத்தியும் கை குடுக்கும்.

ஆனில இருந்து ஆடி முடியற வரைக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியா மழைக்காத்து அடிக்கும். நம்ம கிழக்குப் பக்கம் மழை கம்மின்னாலும் மேகமும் காத்தும் விடாது, வெயிலே வராத நாளுங்க வரும். அப்ப பல்பு போட்டு சூடேத்தணும், வெளில விட முடியாத நாளைக்கு யூவி-பி லைட்டு வேணும். பத்து மணிக்கு மேல, உடம்பு சூடானதுக்கப்பறம் தீனி வைங்க. பழக்கற வேலைய இந்த மாசத்துல ஆரம்பிக்காதீங்க, மழை ஓயட்டும்.

மார்கழி தைல வறட்டுக் கிழக்குக் காத்து வீசும், நம்ம உதடு வெடிக்கற மாதிரி ஆமைக்கும் தோல் காயும். தண்ணில விடறத அப்ப கூட்டணும்.

டாக்டர் கிட்டப் போறப்ப

குட்டி ரெண்டு மூணு நாள், பெரிசு ஒரு வாரம் சுத்தமாத் திங்கலைன்னா, இல்ல எடை ரெண்டு மூணு வாரமா இறங்கிட்டே இருந்தா, காத்திருக்காதீங்க. நம்ம பக்கத்துல இருந்து போறதுக்கு திருச்சூர்கிட்ட மண்ணுத்தி வெட்டினரி காலேஜ் இருக்கு, அந்தப் பக்கம் உடுமலைலயும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. போறதுக்கு முன்னாடி போன் பண்ணி ஆமை பாக்கற டாக்டர் என்னைக்கு இருப்பாங்கன்னு கேட்டுட்டுப் போங்க. எடை நோட்டும், அன்னிக்குப் போட்ட சாணியும், கூண்டோட போட்டோவும், தினமும் என்ன தீனி போடறீங்கங்கற லிஸ்டும் கொண்டு போங்க.

உள்ளூர்ல ஆடு மாடு பாக்கற டாக்டர் கிட்டயே காட்டற நிலமைன்னா ஒண்ண மட்டும் மறக்காம மரியாதையாச் சொல்லிருங்க. ஐவர்மெக்டின் ஆமைக்குப் போடக் கூடாது. ஆடு மாடு நாய்க்கெல்லாம் புழுவுக்கும் உண்ணிக்கும் சகஜமாப் போடற ஊசிதான், ஆனா ஆமைக்கு அது நரம்பத் தாக்கி உயிரையே எடுத்துரும். புழு மருந்து வேணும்னா ஆமைக்கு ஒத்துக்கற வேற மருந்து இருக்கு, எடைக்கு ஏத்த அளவ டாக்டரே பாத்துக் குடுப்பாங்க. மருந்துக் கடைல நீங்களா வாங்கி ஊத்தாதீங்க.

பழகி முடிஞ்ச ஆமைக்குத் தினமும் தட்டு வெக்கணும்னு கூட இல்ல. சல்காட்டா முப்பது நாப்பது கிலோவத் தாண்டி வளர்ற ஆமை, அம்பது வருஷத்துக்கு மேல இருக்கும், அதுக்குக் கத்திரிக்கோல்ல புல்லு நறுக்கிட்டு இருக்க முடியாது. இப்பவே தோட்டத்துல ஒரு மூலைய வளைச்சு, சுவத்துக்கு அடில அது தோண்டிட்டுப் போகாத மாதிரி கல்லு பதிச்சு, அருகம்புல்லும் கொழுக்கட்டைப் புல்லும் போட்டு வைங்க, வேலி ஓரமா ரெண்டு செம்பருத்தி, ஒரு மல்பெரி. புல்லு வேர் புடிக்க மூணு மாசம் ஆகும், அதுவரைக்கும் ஆமைய உள்ள விடாதீங்க, வேரோட புடுங்கிரும்.